சைட்டுக்குப் பக்கத்தில் ஒரு டுரியான் தோட்டம்: பினாங்குக் கட்டுமான நிறுவனங்களுக்குப் பல்லுயிர், விவசாய வழிகாட்டி

இயற்கைக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரு கட்டுமான நிறுவனத்தைக் கேட்டால், மரம் நடு விழாப் படத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஒரே நிற டீ-சட்டைகள், புது மண்வெட்டி, நடுவில் மக்கள் பிரதிநிதியான ஒய்.பி. ஒருவர். நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. ஆனால் மழை விட்டதும் அதே நிறுவனத்தின் சைட்டிலிருந்து தே தாரிக் மாதிரி ஓடிவரும் தண்ணீரை, கீழே தோட்டம் வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்.

பினாங்கில் வேலை எடுக்கும் சின்ன, நடுத்தரக் குத்தகையாளர்களுக்கும், சைட் சூப்பர்வைசர்களுக்கும், மேம்பாட்டு நிறுவனங்களில் திட்டம் போடுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என் கருத்து ஒன்றுதான்: பி.கியூ. எனும் அளவு, விலைப் பட்டியலில் வரியாக ஏறாத எந்த நல்லெண்ணமும் சைட்டில் நடக்காது. ஆகவே என்ன செய்வது என்பதோடு, அதை விலைப்பட்டியலில் எப்படி எழுதுவது என்பதும் கூடவே வரும்.

படி 1: விலை போடும் முன் நடந்து பாருங்கள்

வரைபடம் கைக்கு வந்ததும் அலுவலகத்தில் உட்கார்ந்து விலை போடுவதுதான் நம் வழக்கம். அதற்கு முன் அரை நாள் ஒதுக்கி, பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிலத்தைச் சுற்றி வாருங்கள். எல்லைக்கு வெளியேயும் போக வேண்டும். தண்ணீர் எங்கிருந்து உள்ளே வருகிறது, எங்கே வெளியேறுகிறது, போகிற வழியில் யார் பயிர் வைத்திருக்கிறார், அவர் அதைச் செடிக்குப் பாய்ச்சுகிறாரா, மீன் குளத்துக்கு விடுகிறாரா? இவ்வளவும் தெரியாமல் போடுகிற திட்டம் காகிதத்தோடு சரி.

தீவுப் பக்கம் என்றால் முதல் கேள்வி உயரம். பினாங்கில் கடல் மட்டத்துக்கு 76 மீட்டர், அதாவது 250 அடி, மேலே போனால் அது மலைநிலம். 25 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. இதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடுகிறவர்களுக்கு இரண்டு தேதிகளை நினைவுபடுத்துவேன். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் ஒரு சைட்டில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2018 அக்டோபரில் புக்கிட் குக்குஸில் சாலை வேலையின்போது 9 பேர். மலையில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது வேரும் சருகும்தான். அதைக் காப்பாற்றுவது குரங்குக்கும் பறவைக்கும் மட்டும் செய்கிற தர்மம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பினாங்கு மலை 2021 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. தெலுக் பஹாங் தேசியப் பூங்காவும் கரையோரக் கடலும் சேர்ந்து 12,481 ஹெக்டேர். உங்கள் சைட் அந்த எல்லைக்குள் இல்லாவிட்டாலும், அங்கிருந்து இறங்கும் ஏதாவது ஓடையின் ஓரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

நடக்கும்போது ஒரு தையல் டேப்பும் கொண்டுபோங்கள். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டப்படி, தரைக்கு அரை மீட்டர் மேலே சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டும் மரத்தை வெட்ட உள்ளூராட்சியின் எழுத்து அனுமதி வேண்டும். தாண்டும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் அடித்து, படம் எடுத்து, வரைபடத்தில் குறித்துவிடுங்கள். இந்தப் பட்டியல் கட்டட வரைஞரிடம் வடிவமைப்பு முடிவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். கார் நிறுத்துமிடத்தை நாலு மீட்டர் தள்ளிப் போட்டால் பிழைக்கும் ஆலமரத்தை, அடித்தளப் பைலிங் தொடங்கிய பிறகு யாராலும் காப்பாற்ற முடியாது.

படி 2: நாட்காட்டியைச் சுவரில் மாட்டுங்கள்

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை கொட்டும். மேலே சொன்ன இரண்டு சரிவுகளும் அக்டோபரில்தான் நடந்தன. நில வெட்டு வேலையை ஆண்டுத் தொடக்கத்தில் முடித்து, ஆகஸ்டுக்குள் சரிவுகளில் புல் பிடித்திருக்க வேண்டும். தேதி தள்ளிப்போனால் வெட்டும் பரப்பைக் குறையுங்கள். பத்து ஏக்கரையும் ஒரே வாரத்தில் மொட்டையடிப்பது எக்ஸ்கவேட்டர் வாடகையில் கொஞ்சம் மிச்சப்படுத்தும்; அந்தப் பணம் வண்டல் அள்ளுவதில் போய்விடும்.

இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. மண் வேலைக்குத் தோதான அதே வறட்சியில்தான் பாலிக் புலாவ் டுரியான் மரங்கள் பூக்கின்றன. டுரியான் பூ மாலையில் விரிந்து, விடிவதற்குள் இதழையும் மகரந்தத் தாள்களையும் உதிர்த்துவிடும். பெரும்பாலான ரகங்களுக்குத் தன் மகரந்தம் தனக்கு ஒத்துவராது. வேறு ரகத்து மரத்திலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் தேன் குடிக்கும் வௌவால்கள். ஆக, பூக்கும் வாரங்களில் இரவு ஏழு மணிக்கு மேல் தோட்டத்தைப் பார்த்து ஃபிளட்லைட் அடிக்காதீர்கள். வெளிச்சத்தைக் கீழ்நோக்கித் திருப்பி மூடி போடுங்கள், தேவையில்லாததை அணையுங்கள். அந்த வாரங்களில் பூவில் புழுதி படியாமல் இருக்க, வேலைப் பாதையில் தண்ணீர் லோரி கூடுதலாக ஓட வேண்டும்.

எப்போது பூக்கும் என்று புத்தகம் பார்க்க வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துச் சீனப் பெரியவர் ஆ பெக்கிடம் ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். இந்த வருஷம் எந்த மரம் முன்னால் மொட்டு விடும் என்பதுவரை சொல்வார். அவருடைய கைபேசி எண் சூப்பர்வைசரிடமும், சூப்பர்வைசருடையது அவரிடமும் இருக்கட்டும். இதற்குப் பி.கியூ.வில் வரி தேவையில்லை.

படி 3: மரத்தைச் சுற்றி வேலி, மேல்மண்ணுக்குத் தனி இடம்

வைத்துக்கொள்வது என்று முடிவான மரத்துக்குச் சிவப்பு நாடா கட்டினால் போதாது. கிளை விரிந்திருக்கும் அகலத்துக்கு நிலையான வேலி போட்டு, உள்ளே சிமெண்ட் மூட்டை, கம்பி, லோரி எதுவும் போகாமல் தடுக்க வேண்டும். உணவெடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல் அரை மீட்டர் மண்ணில்தான் இருக்கும். லோரி நாலு முறை ஏறி இறங்கினால் மண் இறுகி, மரம் அப்போதைக்கு நன்றாகவே நின்று, சாவி கொடுத்த பிறகு செத்துப்போகும். பி.கியூ.வில் ‘மரப் பாதுகாப்பு’ என்று மொத்தத் தொகையாக எழுதாதீர்கள். ‘பாதுகாப்பு வேலி, மீட்டருக்கு இவ்வளவு, மாதாந்திரச் சோதனை, ஒரு முறைக்கு இவ்வளவு’ என்று அளவோடு எழுதுங்கள். மொத்தத் தொகை என்று எழுதியதைத்தான் விலைப்பேச்சில் முதலில் வெட்டுவார்கள்.

மேல்மண் 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழம் வரை இருக்கும். அதைத் தனியாக வழித்து, இரண்டு மீட்டருக்கு மிகாமல் குவித்து, பயறுவகை மூடுபயிர் தூவிவிடுங்கள். எஸ்டேட்டில் பால்மரத்தடியில் வளர்த்த அதே செடிகள்தான். வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் இன்னும் பெயர் சொல்வார்கள். முக்குனா மட்டும் வேண்டாம். வேகமாகப் படரும், ஆனால் வேலி தாண்டிப் பக்கத்து மரத்தில் ஏறிவிடும்.

பெருநிலப் பக்கமான செபராங் பிறையில் பழைய செம்பனைத் தோட்டம் வீடமைப்பாகும்போது ஒரு தனி எச்சரிக்கை. வீழ்த்திய செம்பனைத் தண்டுகளை ஓரமாகக் குவித்துவிட்டுப் போகாதீர்கள். மட்கும் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அங்கே வளர்ந்த வண்டு பக்கத்துத் தென்னையின் குருத்தைத் துளைக்கும், நாலு தெரு தள்ளியிருக்கும் இளம் செம்பனையையும் விடாது. தண்டை மெல்லிய சீவல்களாக அரைத்துப் பரப்பிக் காயவிட வேண்டும். கொளுத்துவது சட்டப்படி குற்றம், அதுவும் புகை மூட்டக் காலத்தில் செய்தால் அண்டை அயலாரின் சாபமும் சேரும்.

படி 4: தண்ணீர்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். சைட்டிலிருந்து வெளியேறும் சேறு ஓடை மீனின் செவுளை அடைக்கிறது, கீழ்வயலின் வாய்க்காலைத் தூர்க்கிறது, கடைசியில் கழிமுகத்துச் சேற்றுத்திட்டில் படிந்து கரையோர மீனவரின் வலையில் போய் முடிகிறது.

வடிகால், நீர்ப்பாசனத் துறை கேட்கும் மண்ணரிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம் எல்லாரிடமும் இருக்கிறது. ஆலோசகர் வரைந்து முத்திரை குத்திக் கொடுத்திருப்பார். அதில் குறித்த தொட்டி சைட்டில் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அதன்மேல் கம்பிக் கட்டு அடுக்கியிருக்கும்.

வரிசை முக்கியம். முதலில் மேலிருந்து வரும் நல்ல தண்ணீரைச் சுற்றுக் கால்வாய் வெட்டித் திருப்பிவிடுங்கள். சேறும் நல்ல தண்ணீரும் கலந்தால் எந்தத் தொட்டியும் தாங்காது. அடுத்து வண்டல் தொட்டி. இரண்டு ஹெக்டேர் வரை வடியும் இடத்துக்குச் சேற்றைப் பிடிக்கும் சிறு குழிப் பொறி போதும், அதற்கு மேல் முறையான தொட்டி வேண்டும். அதற்குப் பிறகுதான் நிலத்தை வெட்டலாம். தொட்டியில் தண்ணீர் நுழையும் வாயும் வெளியேறும் வாயும் எதிரெதிர் மூலையில் இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் சுற்றிப் பார்க்காமல் நேரே வெளியே போய்விடும். தீவின் கருங்கல் சிதைந்த மண்ணில் மணலும் களியும் கலந்திருக்கும். மணல் சட்டென்று அடியில் இறங்கும், களி நாள் கணக்கில் மிதக்கும். ஆகவே தொட்டியைத் தாண்டியும் வண்டல் வேலியும் புல் ஓடையும் வேண்டும். இவ்வளவுக்கும் மேலான மருந்து, வெட்டிய சரிவை உடனே மூடுவது. தார்ப்பாய் தற்காலிகம், புல்பத்தையோ, விதைக் கலவை தெளிக்கும் ஹைட்ரோசீடிங்கோ போட்டால்தான் வேலை முடிந்தது.

பெருமழை விட்ட அரைமணி நேரத்தில் சூப்பர்வைசர் தொட்டிக்குப் போக வேண்டும். பார்க்க வேண்டியது இரண்டு. நட்டு வைத்த அளவுக்கோலில் வண்டல் பாதி உயரத்தைத் தொட்டுவிட்டதா? தொட்டிருந்தால் நாளைக்கே அள்ள வேண்டும். வெளிவாயில் தண்ணீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து, பின்னால் செய்தித்தாளை வைத்துப் பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் தண்ணீரை வெளியேற்றும் பம்பை நிறுத்துங்கள். இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது, ஆனால் மாதம் ஒருமுறை வரும் ஆய்வக அறிக்கை இன்றைய மழையைப் பற்றி எதுவும் சொல்லாது. பி.கியூ.வில் ‘வண்டல் அள்ளுதல், ஒரு முறைக்கு’ என்ற வரி இருந்தால் அள்ளுவார்கள். இல்லாவிட்டால் தொட்டி நிறைந்து, அதன்மேல் புல் முளைக்கும்.

கொங்கிரீட் லோரி கழுவிய தண்ணீர் தனிப் பிரச்சினை. அதன் காரத்தன்மை பிஹெச் 12 வரை ஏறும். வாய்க்காலில் விட்டால் மீன் தாங்காது, வயலுக்கும் கேடு. பிளாஸ்டிக் விரித்த குழி ஒன்று தோண்டி அங்கேதான் கழுவ வேண்டும் என்று சப்ளையர் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். டீசல் தொட்டியைச் சுற்றி அதன் கொள்ளளவில் 110 விழுக்காடு பிடிக்கும் தடுப்புச் சுவர். பழைய எண்ணெய் அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவு. 180 நாளைத் தாண்டி வைத்திருக்கக் கூடாது.

செபராங் பிறை நெல் வயல்களுக்கு நடுவே நிலத்தை மேடாக்கிக் கட்டுகிறவர்கள், முன்பு அந்தத் தாழ்ந்த நிலத்தில் தேங்கிய தண்ணீர் இனி எங்கே போகும் என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் அது பக்கத்து வயலுக்குத்தான் போகும், அறுவடைக்கு முந்தின வாரத்திலும் போகும்.

படி 5: சைட்டுக்கு வரும் உயிர்கள்

மணல் குவியலின் செங்குத்துப் பக்கத்தில் முழங்கை உயரத்தில் வட்ட வட்டமாக ஓட்டைகள் தெரிந்தால், ‘எலி’ என்று சொல்லி வாரியெடுத்து விடாதீர்கள். கொஞ்ச நேரம் தள்ளி நின்று பாருங்கள். பச்சையும் நீலமுமாக ஒரு பஞ்சுருட்டான், அலகில் தும்பியோடு வந்து உள்ளே நுழையும். ஆண்டின் முற்பாதியில் இவை மண்ணில் பொந்து தோண்டிக் குஞ்சு பொரிக்கும். பெனாகா பக்கம் போனால் கூட்டமாகப் பார்க்கலாம். பொந்து விழுந்துவிட்டால் குஞ்சு பறக்கும்வரை அந்தக் குவியலை விட்டுவைத்து வேறு குவியலிலிருந்து எடுங்கள். அதற்கு இடமில்லாத சைட் என்றால், பருவம் தொடங்கும் முன்பே குவியலின் பக்கங்களைச் சாய்வாக இழுத்துவிட்டு வலை போட்டு மூடுங்கள். சாய்வான மண்ணில் பெரும்பாலும் பொந்து தோண்டாது.

தெலுக் பஹாங், தஞ்சோங் பூங்கா பக்கம் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகள் மரத்துக்கு மரம் தாவிப் போகும். நடுவில் சாலை அகலமானால் தரையிறங்கி வண்டியில் அடிபடும். 2019இல் தெலுக் பஹாங்கில் பினாங்கு லங்கூர் திட்டத்தினர் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி மரங்களுக்கு நடுவே ஒரு பாலம் கட்டினார்கள். குரங்குகள் அதைப் பயன்படுத்தின. சாலை போடுகிற நிறுவனத்துக்கு இது செலவே இல்லை. ஆனால் முதலில் இரண்டு பக்கமும் கிளை தொட்டுக்கொள்ளும் மரங்களை விட்டுவைக்க முடியுமா என்று பாருங்கள். பாலம் அதற்கு அடுத்தபடிதான்.

நீள்வால் குரங்கு வேறு கதை. தொழிலாளர் குடியிருப்பின் குப்பைத் தொட்டி திறந்திருந்தால் கூட்டம் அங்கே பழகிவிடும். வேலை முடிந்து நாம் போன பிறகு அதே கூட்டம் பக்கத்து ரம்புத்தானைக் காலி பண்ணும். ஆகவே பூட்டும் மூடியுள்ள தொட்டி, தினமும் குப்பை அகற்றல். பாம்போ குளவிக் கூடோ கண்டால் அடிக்காமல் பொதுத் தற்காப்புப் படையை அழையுங்கள், மற்ற வனவிலங்குகளுக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான். எண்களைக் காவலர் அறையில் ஒட்டி வையுங்கள்.

கொசு ஒழிப்பைப் பல்லுயிர் விஷயமாக யாரும் நினைப்பதில்லை. டெங்கி பயத்தில் வாராவாரம் புகையடிக்கச் சொல்கிறோம். அந்தப் புகை கொசுவை மட்டும் தேடிப் போகாது. வேலிக்கு அந்தப் பக்கம் கெலுலுட் தேனீப் பெட்டிகள் இருந்தால் அவையும் மடியும். தேங்கிய தண்ணீரை வடிப்பதும், வடிக்க முடியாத தொட்டியில் புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. நுண்ணுயிர் மருந்து போடுவதும் முதல் வேலை. புகை அடித்தே தீர வேண்டும் என்றால் முந்தின நாளே தேனீக்காரரிடம் சொல்லுங்கள்.

படி 6: சிமெண்ட் எங்கிருந்து வருகிறது

பத்துமலைக்குக் காவடி எடுத்தவர்கள் நம்மில் ஏராளம். அந்தச் சுண்ணாம்புக் குகைகளில் டுரியான் பூவுக்குப் போகும் தேன் வௌவால்களும் தங்குகின்றன. 1970களில் அவற்றை ஆராய்ந்தவர்கள், இவை கடலோரத்து பெரெம்பாங் மரப் பூக்களைத் தேடி முப்பது கிலோமீட்டருக்கும் மேல் பறப்பதைக் கண்டார்கள். குகையை உடைத்தாலோ கழிமுகக் காட்டை வெட்டினாலோ, நடுவிலுள்ள டுரியான் தோட்டத்தில் காய்ப்பு குறையும். நிபோங் தெபாலில் கெரியான் ஆற்றோரம் மின்மினிகள் மின்னுவதும் இதே பெரெம்பாங் மரங்களில்தான்.

சிமெண்டுக்குத் தேவையான சுண்ணாம்புக்கல் இந்த மாதிரிக் குன்றுகளிலிருந்துதான் வருகிறது. பேராக்கின் குனோங் காந்தானில் மட்டுமே வாழும் சிறு நத்தை ஒன்றுக்கு 2014இல் அறிவியல் பெயர் வைத்தபோது, அங்கே கல் உடைத்த லஃபார்ஜ் சிமெண்ட் நிறுவனத்தின் பெயரையே வைத்தார்கள். அதன் உயிர் யார் கையில் இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்ட இதைவிட நாசூக்கான வழி இல்லை. நம்மால் முடிந்தது: பொறியாளர் ஒப்புக்கொள்ளும் இடங்களில் இரும்பாலைக் கசடோ நிலக்கரி எரித்த பறக்கும் சாம்பலோ கலந்த சிமெண்ட், வார்ப்புப் பலகையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது, சான்றிதழுள்ள மரம். சப்ளையரிடம் குவாரியின் பெயரை எழுத்தில் கேளுங்கள்.

படி 7: விவசாயிக்குக் கைகொடுப்பது

முதல் உதவி, அவர் அறுக்கும்வரை காத்திருப்பது. குத்தகை நிலத்திலோ தற்காலிக அனுமதியிலோ கீரை போடுகிறவரை ‘அடுத்த வாரம் எக்ஸ்கவேட்டர் வருகிறது’ என்று விரட்டாதீர்கள். கீரைக்கும் சாவி எனும் கடுகுக் கீரைக்கும் நாற்பது நாள், வெண்டைக்கு மூன்று நான்கு மாதம், வாழைக்கு ஓராண்டு வரை. அட்டவணை போடும்போதே கேட்டுவிட்டால் இந்தக் கணக்கில் யாருக்கும் நட்டமில்லை.

அடுத்து, சும்மா கிடக்கும் நிலம். பெரிய மேம்பாட்டு நிறுவனங்கள் அடுத்த கட்டம் தொடங்க ஆண்டுக் கணக்கில் காத்திருக்கும் நிலங்களில் லாலாங் புல்தான் வளர்கிறது. அதைப் பயிரிடக் கொடுக்கலாம், ஆனால் வாய்வார்த்தையாக வேண்டாம். குறைந்தது இரண்டு ஆண்டு, காலி செய்ய ஆறு மாத முன்னறிவிப்பு, தண்ணீர் யார் பொறுப்பு என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த உறுதி இல்லாதவர் மண்ணுக்கு எருப்போட மாட்டார். உப்பு உரமும் களைக்கொல்லியும்தான் அடிப்பார். பழைய பட்டறை, குப்பைமேடு இருந்த இடமென்றால் முதலில் மண் பரிசோதனை.

மேல்மண்ணை விவசாயிக்குக் கொடுப்பது நல்ல காரியம், ஒரு நிபந்தனையோடு. டுரியான் மரத்தைக் கொல்லும் பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமி மண்ணிலும் தண்ணீரிலும் பரவும். பட்டை கசிந்து நோய்ப்பட்ட மரங்கள் நின்ற தோட்டத்து மண்ணை இன்னொரு டுரியான் தோட்டத்துக்கு ஒரு லோரிகூட அனுப்பாதீர்கள். டயரைக் கழுவிவிட்டுத்தான் வண்டி வெளியே போக வேண்டும். நோயில்லாத மண் காய்கறிப் பாத்திக்குப் பொன். மரச்சீவலையும் கொடுக்கலாம். பச்சையாக மண்ணில் கலந்தால் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். மேலே மூடாக்காகப் போடலாம், அல்லது கோழி எருவோடு சில மாதம் மட்கவிடலாம்.

மூன்றாவது, வாங்குவது. சைட் கேண்டீனுக்கு வாரம் எவ்வளவு கீரை, கத்தரி, வெள்ளரி வேண்டும் என்பது கேண்டீன் நடத்தும் அக்காவுக்கு மனப்பாடம். அந்த அளவை நல்ல விவசாய முறைக்கான மைகேப் அல்லது இயற்கை விவசாயத்துக்கான மைஆர்கானிக் சான்று வைத்திருக்கும் உள்ளூர் விவசாயியிடம் நிலையான விலையில் வாங்க ஒப்பந்தம் போடுங்கள். சான்று இல்லாதவருக்கு விவசாயத் துறையில் விண்ணப்பிக்க உதவுங்கள். படிவம் நிரப்ப ஒரு எழுத்தரை அரை நாள் அனுப்பினால் போதும். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இயற்கை விவசாயத்தையும் பஞ்சகவ்யா போன்ற இடுபொருள்களையும் எடுத்துச் சொல்லி வருகிறது. உங்கள் நலநிதியில் மரம் நடு விழாவுக்கு வைத்த தொகையை அப்படிப்பட்ட பயிற்சிக்கு மாற்றுங்கள்.

படி 8: கடைசியாக நடும் செடிகள்

லேண்ட்ஸ்கேப் குத்தகையாளர் விலை மலிவு என்று மஞ்சள் பூ வெடேலியாவை விரித்துவிட்டுப் போவார். அது வாய்க்கால் வழியாகத் தோட்டங்களுக்குள் இறங்கும் அந்நியச் செடி. ஒப்பந்தத்தில் செடிப் பட்டியலைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: புன்னை, மகிழம், பூவரசு, தெம்புசு, இடம் இருந்தால் அத்தி வகை ஒன்று. அத்தி பழுத்தால் பறவைகள் தாமாகவே வரும். கார் நிறுத்துமிடத்தில் அத்தி வேண்டாம், வேர் தளத்தைத் தூக்கும், பழம் விழுந்து வண்டிக்காரர்கள் வெட்டச் சொல்வார்கள்.

வீடுகளுக்கான குறைதீர்ப்புக் காலம் 24 மாதம். மரங்களின் பராமரிப்பையும் அதே 24 மாதத்துக்கு எழுதி, பிழைத்த மரங்களை எண்ணிப் பார்த்த பிறகே லேண்ட்ஸ்கேப் குத்தகையாளரின் பிடித்தத் தொகையை விடுவியுங்கள். எண்ணுகிற அன்றைக்கே வண்டல் தொட்டிகளையும் பாருங்கள். அவற்றை மூடுவதா, நிரந்தர மழைநீர்க் குளமாக விடுவதா என்று முடிவெடுத்து, விடுவதானால் யார் தூர்வாருவது என்பதை உள்ளூராட்சி மன்றத்தோடும் குடியிருப்பாளர் நிர்வாகத்தோடும் எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்த வடிகால் வரைபடத்தின் நகல் ஒன்றை வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவரிடமும் கொடுங்கள். அடுத்த அக்டோபரில் அது அவருக்குத் தேவைப்படும்.